ஒரு சுவிட்சுக்குப் பதிலாக இரண்டாவது பெட்டி

சின்ன ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவர்கள் சப்வூஃபர் (பேஸ் எனும் அடிச்சத்தத்துக்கென்றே உள்ள தனிப் பெட்டி) வாங்கக் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் 32,500 ரூபாய் கொடுத்தேன். அதில் 14,000 சுத்தத் தண்டம்.

என்னிடம் இருப்பது ஐந்தேகால் அங்குல வூஃபர் (அடிச்சத்தம் எழுப்பும் கூம்பு) கொண்ட ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர். குரலுக்கும் வீணைக்கும் அவற்றைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் மூச்சு வாங்கும். அவ்வளவு சிறிய கூம்பால் அத்தனை காற்றைத் தள்ள முடியாது. பிபிசி 1970களில் வெளிக்கள ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ குட்டி ஸ்பீக்கரை இன்றும் கொண்டாடுகிறார்கள். அதற்கும் அடிவயிற்றுச் சத்தம் கிடையாது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் போனேன்.

பெட்டியின் நெற்றியில் '300 வாட்' என்று பளபளக்கும் ஸ்டிக்கர். விலை 18,500. வீட்டுக்கு வந்த பிறகுதான் அட்டைப்பெட்டியின் விலாவில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன்: 300 என்பது பிஎம்பிஓ, அதாவது கணநேர உச்சம் என்று சொல்லிக்கொள்ளும் எண்; தொடர்ந்து தரக்கூடிய சக்தியான ஆர்எம்எஸ் 60. பிஎம்பிஓவை இன்ன முறையில்தான் அளக்க வேண்டும் என்று பொது விதி எதுவும் இல்லை. வாய்க்கு வந்ததை அச்சடிக்கலாம். போகட்டும், என் அறைக்கு 60 தாராளம்.

மறுநாள் பொருத்த வந்த இளைஞர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரை இழுத்து மாட்டினார், பின்னால் இருந்த குமிழ்கள் இரண்டையும் வலதுகோடிக்குத் திருகினார், டீ குடித்தார். பத்து நிமிடம். "இனிமேல் சின்ன ஸ்பீக்கருக்குப் பாரமே இருக்காது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் பொய். அவர் இணைத்த விதத்தில் சின்ன ஸ்பீக்கர்களுக்கு முழு பேஸும் முன்போலவே போய்க்கொண்டிருந்தது. அதை வழியில் தடுக்க ஹைபாஸ் ஃபில்டர் வேண்டும். அங்கே அப்படி எதுவும் இல்லை.

அன்றிரவு ஒரு கச்சேரியை ஓடவிட்டேன். மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் (இடப்பக்கத்தின் கனத்த சத்தம்) முன்பிருந்ததைவிட மெலிந்திருந்தது. அடுக்களையிலிருந்து அம்மா, "என்னடா இது, தட்டெல்லாம் நடுங்குகிறது!" என்றார். எனக்கோ நாற்காலியில் ஒன்றுமில்லை. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "உங்கள் அறை பெரிது சார். ஒன்று பத்தாது, இரண்டு பக்கமும் வைத்தால்தான் நிரம்பும்" என்றார் முதலாளி. 12க்கு 14 அடி அறை பெரிதாம்! ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டாவது பெட்டி 14,000 என்றார். புத்தி கெட்டுப்போய்க் கொடுத்தேன். அதே இளைஞர், அதே பத்து நிமிடம். தொப்பி இன்னும் மெலிந்தது. தட்டுகள் இன்னும் நடுங்கின.

என் மாமா ரேடியோ பழுதுபார்த்துப் பிழைத்தவர். வந்தவர் பாட்டைக் கேட்கவே இல்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் முதுகைப் பார்த்தார். சிவப்புக் கோடு போட்ட ஒயர் கறுப்பு முனையில் இருந்தது, இரண்டு பெட்டியிலும். சின்ன ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வரும்போது சப்வூஃபரின் கூம்பு உள்ளே போகிறது. இது தள்ளும் காற்றை அது விழுங்கிவிடுகிறது. அவர் ஒயரைக்கூடத் தொடவில்லை. கூம்பின் போக்கைத் தலைகீழாக்கும், 'ஃபேஸ்' என்று எழுதியிருந்த, கட்டைவிரல் நகமளவு சுவிட்சை இரண்டு பெட்டியிலும் 0-விலிருந்து 180-க்குத் தள்ளினார். தொப்பி நெஞ்சில் வந்து விழுந்தது.

பிறகு, எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்று தீர்மானிக்கும் கிராஸ்ஓவர் குமிழை, 150-இல் நின்றதை 70-க்கு இறக்கினார். என் நாற்காலியைக் காட்டி, "யாராவது நட்டநடுவில் உட்காருவார்களா?" என்றார். 14 அடி நீளத்தில் 40 ஹெர்ட்ஸை ஒட்டிய சத்தம் இரு கோடிச் சுவர்களிலும் குவிந்து நடுவில் வற்றிப்போகும். அந்தச் சுவர்களில் ஒன்றுக்கு அந்தப் பக்கம்தான் அடுக்களை. நாற்காலியை மூன்றடி பின்னால் தள்ளினோம். கடைசியில், எனக்குத் தெரியாமல் இரண்டாவது பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேட்கச் சொன்னார். வித்தியாசமே தெரியவில்லை.

இரண்டு சப்வூஃபர் வைப்பதே ஏமாற்று என்று சொல்லவில்லை. சரியான இடங்களில் வைத்தால் அறை முழுக்க பேஸ் சீராகப் பரவும். ஆனால் ஒன்று ஒழுங்காகப் பாடுவதற்கு முன் இரண்டாவதற்குப் பணத்தை எடுக்காதீர்கள். பொருத்த வருபவருக்குக் கூலி கொடுக்குமுன் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சுவிட்சை இரு பக்கமும் மாற்றச் சொல்லுங்கள்; பேஸ் எங்கே பெருகுகிறதோ அங்கே விடுங்கள். இடம் தேட இன்னொரு வழி: பெட்டியை நாற்காலியில் ஏற்றி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டுச் சுவரோரம் தவழ்ந்து போங்கள். சத்தம் தெளிவாகக் கேட்கும் இடமே பெட்டிக்கு உரிய இடம். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம் என்று கையில் இருக்கும் ஆதாரத்தைத் தேடி எடுத்தேன். முதல் பெட்டிக்கு யூபிஐ பதிவு இருக்கிறது. இரண்டாவதற்கு, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய '14,000'. கையெழுத்துகூட இல்லை.