மடியா, கூடை சீட்டா, மாற்று சீட்டா? ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு அலசல்

தொண்டியோ கீழக்கரையோ ஏர்வாடியோ, நம் பக்கத்துக் கார்களில் கைக்குழந்தைக்கு என்று ஓர் இடம் உண்டு: பாட்டியின் மடி. குழந்தைக்கென்று தனிக் கார் சீட் வாங்கலாமா என்று பேச்செடுத்தால் கடைசியில் அந்த மடியோடுதான் போட்டி. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலோ மோதி, நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த, 280 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். அதாவது 25 கிலோ அரிசி மூட்டை பதினொன்றுக்கும் மேல். எந்தப் பாட்டியாலும் முடியாது, பளு தூக்குகிற பேரனாலும் முடியாது. குழந்தையையும் மடியில் வைத்திருப்பவரையும் ஒரே பெல்ட்டுக்குள் வைத்துக் கட்டுவது இன்னும் மோசம். பெரியவரின் உடம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் குழந்தை நசுங்கும். 14 வயதுக்கு உட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச்சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சொல்கிறது. நம் ஊர்ச் சாலைகளில் இதற்காக வண்டியை மறித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, அது வேறு விஷயம்.

சரி, சீட் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது?

கைப்பிடி வைத்த கூடை சீட் பிறந்த குழந்தைக்கானது. பெரும்பாலானவை 13 கிலோ வரை தாங்கும் என்பார்கள், ஆனால் எடை அந்த அளவை எட்டுமுன்பே, ஒரு வயதையொட்டி, தலை மேல்விளிம்பைத் தொட்டுவிடும். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் அப்படியே தூக்கி வரலாம், அண்ணன் காரிலிருந்து மாமனார் காருக்கு மாற்றுவதும் சுலபம். அந்தச் சௌகரியம்தான் ஆபத்தும். வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் குழந்தையை அதிலேயே தூங்கவிட்டுவிடுகிறார்கள். தாடை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சுக்குழல் மடங்கலாம். வீடு வந்ததும் தொட்டிலுக்கோ பாய்க்கோ மாற்றிவிட வேண்டும்.

மாற்று சீட் (கன்வெர்ட்டிபிள்) என்பது காரின் பின்பக்கம் பார்த்தும் முன்பக்கம் பார்த்தும் மாற்றி வைக்கக்கூடியது. கனமானது, ஒரே காரில்தான் கிடக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து பின்பார்த்தபடியும் அப்புறம் முன்பார்த்தபடியும் 18 கிலோ வரை, சில மாடல்களில் 25 கிலோ வரை உழைக்கும். என் ஓட்டு இதற்குத்தான். காரணம் பணம் மட்டும் இல்லை. சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்தெலும்பு இன்னும் முற்றாதது. நேர்மோதலில் முன்பார்த்து உட்கார்ந்த குழந்தையின் தலை முன்னால் பறக்கும், கழுத்துதான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். பின்பார்த்து உட்கார்ந்தால் அந்த விசையை முதுகு முழுக்கச் சீட்டின் ஓடு வாங்கிக்கொள்ளும். ஆர்129 என்ற ஐரோப்பிய விதி 15 மாதம் வரையாவது பின்பார்த்தே இருக்க வேண்டும் என்கிறது; சீட் இடம் கொடுத்தால் அதற்கு மேலும் வைத்திருப்பது நல்லது. “பிள்ளைக்குக் கால் மடங்குதே” என்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். மடங்கட்டும், சம்மணம் போடும் பிள்ளைக்கு அது ஒரு சிரமமா? பின்பார்த்த சீட்டை ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் மட்டும் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையைக் கொன்றுவிடும்.

ஒரே ஒரு இடத்தில் கூடை சீட் ஜெயிக்கும். ஆல்டோ மாதிரிச் சின்னக் காரில் மாற்று சீட்டைப் பின்பார்த்து வைத்தால் முன்னால் இருப்பவரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். வாங்குமுன் உங்கள் காரிலேயே வைத்துப் பாருங்கள்.

பொருத்தும் முறையில் ஐசோஃபிக்ஸ் (கார் இருக்கையிலேயே பதித்திருக்கும் இரும்புக் கம்பியில் சீட்டை மாட்டுவது), பெல்ட் என இரண்டு. ஐசோஃபிக்ஸ் கொக்கியில் ‘டக்’கென்று மாட்டிவிடலாம், தப்பாகப் பொருத்தும் வாய்ப்பு குறைவு. ஆனால் மதுரை ஆஸ்பத்திரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வாடகை வண்டியையோ சொந்தக்காரர் வண்டியையோ நம்பியிருக்கும் வீட்டுக்கு, தோளுக்கும் இடுப்புக்கும் குறுக்கே வரும் மூன்று முனை பெல்ட்டில் பொருந்தும் சீட்தான் புத்திசாலித்தனம். இறுக்கிக் கட்டிய பிறகு அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. பழைய சுமோ, பொலிரோவில் பின்னால் எதிரெதிராக உட்காரும் பலகை இருக்கிறதே, அதில் எந்தச் சீட்டும் வைக்க முடியாது.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் அப்பாக்கள் சீட்டும் கொண்டுவருகிறார்கள். அமீரகத்தில் 2017-லேயே 4 வயது வரையான குழந்தைக்குச் சீட் இல்லையென்றால் 400 திர்ஹம் அபராதம் வந்துவிட்டது, அதனால் அங்கே தரமான சீட் கிடைக்கும். வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் எண்ணும் உள்ள ஒப்புதல் லேபிள் ஒட்டியிருக்கிறதா, சீட்டின் ஓட்டில் அச்சிட்ட காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். யாரோ பயன்படுத்திக் கொடுத்தது என்றால், விபத்தில் சிக்கவில்லை என்பது உறுதியாகத் தெரியாதவரை வாங்காதீர்கள்.

15 கிலோ தாண்டி, நான்கு வயதும் ஆன பிறகு பூஸ்டர், அதாவது காரின் பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை. முதுகுச் சாய்மானம் உள்ளதே மேல். தூங்கினாலும் தலை நிற்கும், பெல்ட் கழுத்தில் ஏறாமல் தோளில் படியும். சாய்மானம் இல்லாத பலகைப் பூஸ்டரை 125 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பிறகு யோசிக்கலாம்.

காரே இல்லை, பைக்தான் என்றால் கதை வேறு. 2022-இல் வந்த மத்திய விதிப்படி 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. பட்டை விழாமல் பிடிக்கும், அவ்வளவுதான். மோதலைத் தாங்கும் சீட் அது இல்லை.

எந்தச் சீட் வாங்கினாலும் தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்வந்தால் மணல் பெல்ட் பூட்டும் பக்கிளுக்குள் போய்ச் சிக்கும். தலைகீழாகத் தட்டி உதிர்த்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மணல் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.