வைன் கறைக்கு உப்பா, பெரொக்சைட்டா?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு நத்தார் விருந்தில் வெள்ளை மேசைவிரிப்பில் சிவப்பு வைன் கொட்டியதும், அக்கா குசினிக்கு ஓடி உப்பை அள்ளிக்கொண்டு வந்தார். உப்பு கூடாத யோசனை இல்லை. ஈரம் காயுமுன் தடிப்பாகத் தூவினால் வைனை உறிஞ்சி, கண்முன்னே இளஞ்சிவப்பாகும். ஆனால் நூலுக்குள் இறங்கிய நிறத்தை அது அழிக்காது. காய்ந்த கறைக்குச் சுத்தமாகப் பயனில்லை.

பாமசியில் வாங்கும் 3% ஹைட்ரஜன் பெரொக்சைட் வேறு மாதிரி வேலை செய்யும். வைனுக்கு நிறம் தருவது அந்தோசயனின். பெரொக்சைட் அதை ஒட்சியேற்றி நிறமிழக்கச் செய்கிறது. பெரொக்சைட்டில் 2 பங்கும், பாத்திரம் கழுவும் திரவத்தில் 1 பங்கும் கலந்து கறையில் ஊற்றி அரை மணி நேரம் விட்டோம். ஊதா விளிம்பு மெல்ல மெல்ல மங்கிக் காணாமல் போனது. அப்புறம் குளிர்ந்த நீரில் அலசினோம், சரி. வெள்ளைப் பருத்தி என்றால் நான் இனி இதைத்தான் எடுப்பேன்.

நிறத்துணிக்கு முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பட்டு, கம்பளிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். கூறைச்சேலையில் வைன் பட்டுவிட்டால், தேய்க்காமல் துவாயால் ஒற்றி எடுத்து, அன்றைக்கே டிரை கிளீனிங் கொடுத்துவிடுங்கள்.