ஜெய் ஹிந்த் சொல்லியே 42,000 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்: பென்ஷனில் ஊர் திரும்பும் மிலிட்டரி குடும்பங்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால், "போனது போகட்டும் விடு" என்று என் வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு நானும் விட்டுவிடுவேன். போனது 42,000 ரூபாய். கம்பெனி பேரைப் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னதால் போடவில்லை. வீட்டுச் சாமானைக் கட்டி லாரியில் அனுப்பும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ். பேரைச் சொன்னாலும் பிரயோஜனம் இருக்காது, அடுத்த மாதம் வேறு போர்டு மாட்டிக்கொள்வார்கள்.

இவர் ஹவில்தாராக 24 வருஷ சர்வீஸ் முடித்து, பஞ்சாபில் உள்ள பட்டிண்டா கன்டோன்மென்ட்டிலிருந்து பென்ஷனில் வந்தார். வேலூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில், மாமனார் வீட்டை ஒட்டி இரண்டு ரூம் கட்டியிருந்தோம். எட்டு மணிக்கு மேல் டீக்கடைகூடத் திறந்திருக்காது. பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவிலேயே வளர்ந்தவர்கள், தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். எப்படி ஒட்டப் போகிறார்களோ என்றுதான் எனக்குக் கவலை இருந்தது. சாமானைப் பற்றி யோசிக்கவே இல்லை. போஸ்டிங் மாறும்போதெல்லாம் யூனிட் பையன்கள் வந்து, பேரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதின கருப்பு டிரங்குப் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். பென்ஷன் போகும்போது எல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

குவார்ட்டர்ஸ் ஒப்படைக்கத் தேதி குறித்தாகிவிட்டது. ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கும் எம்.இ.எஸ். ஆள் வந்து ஃபேன், பல்பு, குழாய் எல்லாவற்றையும் எண்ணி, உடைசலுக்குப் பணம் கட்டச் சொல்லி, அப்புறம்தான் கிளியரன்ஸ் கொடுப்பார். அந்த அவசரத்தில் ஒரு ஆப்பில் தேடினோம். நம்பரைக் கொடுத்த மறு நிமிஷமே நாலைந்து கம்பெனிக்காரன் கூப்பிடுகிற ஆப். அதில் ஒருத்தன் எடுத்ததும் "ஜெய் ஹிந்த் சாப்" என்றான். தன் அப்பாவும் ஃபௌஜி, அதாவது பட்டாளத்துக்காரர் என்றான். அப்போதும் இவர் அசரவில்லை. ஹிந்தியில் பேரம் பேசிக்கொண்டே இருந்தார். அவன் போனை இன்னொருத்தனிடம் கொடுத்தான்.

"அக்கா, நான் திருவண்ணாமலைப் பக்கம்தான். உங்க சாமானை என் வீட்டுச் சாமான் மாதிரி இறக்கி வெச்சுட்டுப் போறேன். நீங்க நிம்மதியா ரயில் ஏறுங்க."

அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக வடக்கே இருந்தவளுக்கு, அந்த "அக்கா" போதுமாக இருந்தது. மொத்தம் 58,000, அட்வான்ஸ் 30,000, மீதி இறக்கின பிறகு என்று பேச்சு. ஃபௌஜிக்காக 5,000 குறைத்ததாக வேறு சொன்னான். ஆட்கள் வந்தார்கள், பப்பிள் ஷீட் சுற்றினார்கள், எல்லாவற்றிலும் நம்பர் ஒட்டினார்கள். அவ்வளவு ஒழுங்கு!

நாங்கள் ஊருக்கு வந்து, வண்டி வர வேண்டிய நாளும் போனது. முதலில் "டெல்லி குடோன்ல லோடு மாத்தறோம்" என்றார்கள். அப்புறம் நாக்பூர் தாண்டிவிட்டது என்றார்கள். கடைசியில் ஒரு ராத்திரி அந்தத் "திருவண்ணாமலைத் தம்பி"யே கூப்பிட்டான். செக்போஸ்ட்டில் ஜி.எஸ்.டி. ஆபீசர் பிடித்துவிட்டாராம், சரக்கு கொண்டுபோகிற வண்டிக்கு வேண்டிய ஈ-வே பில் இல்லையாம், 42,000 கட்டினால்தான் விடுவாராம். கட்டாவிட்டால் ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் குடோன் வாடகை ஏறுமாம். அக்கா போய் மேடம் ஆகியிருந்தது.

இதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டில் புழங்கிய பழைய சாமானுக்கு ஈ-வே பில்லே தேவையில்லை, விதியிலேயே விலக்கு இருக்கிறது. வரி வசூலிக்கும் செக்போஸ்ட்டுகளை 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே எடுத்துவிட்டார்கள். அவன் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை. வீட்டுக்காரர் அன்றைக்கே "பொய் சொல்றான்" என்றார். ஆனால் சாமான் அவன் கையில். பிள்ளைகளின் மார்க் ஷீட், டி.சி., புத்தகம் எல்லாம் ஒரு பெட்டியில் லாரியோடு கிடக்கிறது. ஸ்கூலில் அட்மிஷன் முடியப் போகிறது. 42,000 ரூபாயை அவன் சொன்ன நம்பருக்கு அனுப்பினோம். அதில் வந்த பேர் கம்பெனி பேர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பேர்.

அதுவரை சிமெண்ட் தரையில் பாய் விரித்துத்தான் படுத்தோம். எதிர்வீட்டு அக்கா ஒரு குக்கரும் இரண்டு குண்டானும் கொடுத்தார். "மிலிட்டரிக்காரர் வீட்ல சாமானே இல்லையா?" என்று கேட்காதவர் தெருவில் கிடையாது. கேட்ட கையோடு கேன்டீன் சரக்கு வருமா என்றும் விசாரித்தவர்கள் உண்டு, அது வேறு கதை.

வண்டி வந்தது. வாஷிங் மெஷின் நசுங்கியிருந்தது. பீரோக் கதவு சாத்தவில்லை. தையல் மெஷின் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டு உடைந்து, லூதியானாவில் வாங்கின ரஜாய் (குளிருக்குப் போர்த்தும் பஞ்சுப் போர்வை) எல்லாம் போயிருந்தது. யூனிஃபார்ம் இருந்த பெட்டியைத் தொடவே இல்லை. அதை விற்க முடியாது என்று தெரிந்திருக்கிறது.

கேட்கப் போனால் ஆளுக்கொரு பதில். டிரைவர், "நான் வண்டி மட்டும்தான்" என்றான். பஞ்சாப் நம்பர், "லோடு டெல்லி பிராஞ்ச், அங்கே பேசுங்க" என்றது. டெல்லி நம்பரில் "சார் சாப்பிடப் போயிருக்கார்". ராத்திரி பத்து மணிக்கும் சாப்பாடுதான். தம்பி நம்பர் சுவிட்ச் ஆஃப். கடைசியில் ஒருத்தி பில்லின் பின்பக்கம் பார்க்கச் சொன்னாள், பொடி எழுத்தில் "ஓனர்ஸ் ரிஸ்க்", அதாவது சேதமானால் சாமான்காரர் பாடு. 42,000-க்கு ரசீது கேட்டால், "அது கவர்ன்மென்ட்டுக்குக் கட்டினது, எங்ககிட்ட ஏன் கேக்கறீங்க?" போலீசில் "பணம் நீங்களா அனுப்பினது, சிவில் மேட்டர்மா, புக் பண்ண ஊர்லயே குடுங்க" என்றார்கள். பட்டிண்டாவுக்கு மறுபடி போய்க் கம்ப்ளெயின்ட் கொடுக்க இன்னொரு 42,000 யார் தருவார்கள்?

இன்று காலையில் அவர்கள் ஆப்பிலிருந்து மெசேஜ்: எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்?

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத ரத்தம் கொதிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆர்டர்), இ.சி.எச்.எஸ். கார்டு (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவ கார்டு), பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் கையோடு ரயிலில் வரட்டும். எங்கள் மார்க் ஷீட் மட்டும் லாரியில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 42,000-க்கு இவர் அசைந்திருக்கவே மாட்டார். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. நம்பரை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் கோடு, பஞ்சாபுக்கு 03. எங்கள் பில்லில் பஞ்சாப் விலாசம், நம்பர் மட்டும் 07, அதாவது டெல்லி. போட்டுப் பார்த்தால் ஏதோ ஹார்டுவேர் கடை. லாரி நம்பரையும் ஏற்றின சாமானையும் போட்டோ எடுங்கள். தமிழில் பேசினான் என்று நம்பாதீர்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் 1915-க்கு அடியுங்கள், அது நுகர்வோர் ஹெல்ப்லைன். நஷ்டத்துக்கான நோட்டீஸை, புக் பண்ணின நாளிலிருந்து 180 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போடலாம், எங்கள் கேஸ் அளவுக்கு ஃபீஸும் கிடையாது. நாங்கள் வேலூரில் போடுகிறோம். இதே மாதிரி "தம்பி" குரலை நம்பிப் பணம் அனுப்பினவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருங்கள். பணம் போன பேரும் ஒன்றாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், மனுவில் சேர்க்க வேண்டும்.