ஸ்டார் ட்ரெக் பழைய தொடர்: கேசட்டா, மூன்று நிற டிவிடியா, ப்ளூ-ரேயா?

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதையின் முதல் தொடரை வீட்டில் வைத்திருக்கிறவர்கள் ராமநாதபுரம் கடற்கரையில் அதிகம் பேர் இல்லை. கீழக்கரையில் சிலர், மண்டபத்தில் சிலர், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் சிலர். இவர்களுக்குள் பேச்சு வந்தால் சண்டை எப்போதும் ஒன்றுதான்: எந்தப் பதிப்பு நல்ல பதிப்பு? ஆளுக்கு ஆள் கையில் இருப்பது வேறு வேறு என்பதால் அந்தப் பேச்சு முடிவதே இல்லை. இங்கே இது பெரும்பாலும் வெளிநாடு போய் வருகிற சபராளிகளின் பெட்டியில் வந்த சாமான். துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) கொண்டுவந்தது ஒன்று, சிங்கப்பூரில் மாமா வாங்கியது ஒன்று, அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பிள்ளை அனுப்பியது இன்னொன்று. தொடர் ஒன்றுதான், ஆனால் திரையில் மூன்றும் மூன்று விதம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009-இல் வந்த ப்ளூ-ரேக்குத்தான் முதல் இடம். அது கிடைக்காவிட்டால் 2004-இல் வந்த மஞ்சள், நீலம், சிவப்புப் பெட்டி டிவிடி. பின்னால் படத்தைச் சுத்தம் செய்து, விண்வெளிக் காட்சிகளை மாற்றி விட்ட ரீமாஸ்டர் டிவிடியை வாங்கி வைத்துக்கொண்டு பழைய டிவிடியை யாருக்காவது கொடுத்துவிடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

தொடர் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை ஓடியது. மூன்று சீசன், 79 எபிசோட். எல்லாமே 35 மி.மீ. படச்சுருளில் எடுத்தது. அந்தச் சுருளுக்குள் இருக்கும் நுணுக்கம் அந்தக் காலத்து டிவியில் தெரிந்ததைவிடப் பல மடங்கு. அதனால் நாற்பது ஆண்டு கழித்தும் புதிதாக எடுத்துத் தர முடிந்தது. வீடியோ டேப்பிலேயே எடுத்து முடித்த தொடர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆகவே எந்தப் பதிப்பை எடுத்தாலும் நாம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. சுருளில் இருப்பதில் எவ்வளவு நம் டிவிக்கு வந்து சேர்கிறது? வருவதில் எதை மாற்றியிருக்கிறார்கள்?

கேசட்டில் தொடங்குவோம். எண்பதுகளின் நடுவில் பாரமவுண்ட் நிறுவனம் விஹெச்எஸ் கேசட்டுகளை வெளியிட்டது. அமெரிக்கப் பதிப்பில் ஒரு கேசட்டுக்கு ஒரு எபிசோட். இன்று பார்த்தால் படம் மங்கல்தான். விஹெச்எஸ்ஸில் பக்கவாட்டுத் தெளிவு ஏறக்குறைய 240 கோடு, அவ்வளவே. ஆனால் அன்றைக்கு அதற்கு ஒரு பெரிய மதிப்பு இருந்தது. அமெரிக்க உள்ளூர் நிலையங்கள் மறுஒளிபரப்பில் விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று எபிசோடுகளில் சில நிமிடங்களை வெட்டிவிட்டன. 50 நிமிடச் சொச்சமும் முழுதாகக் கிடைத்தது கேசட்டில்தான்.

கேசட்டுகளில் நான் தனியாக எடுத்து வைக்கச் சொல்வது 1986-இல் வந்த ‘தி கேஜ்’. கப்பலின் கேப்டனாகக் கிர்க் வருவதற்கு முன் எடுத்து, என்பிசி வேண்டாம் என்று ஒதுக்கிய முதல் முன்னோட்டப் படம் அது; சேனலிடம் காட்டி ஒப்புதல் வாங்க எடுக்கும் ‘பைலட்’ எபிசோட். அதன் பெரும்பகுதியைப் பிறகு ‘தி மெனாஜரி’ என்ற இரண்டு பாக எபிசோடுக்குள் சேர்த்துவிட்டார்கள். அப்படிச் சேர்த்த பகுதிகள் மட்டும் வண்ணத்தில் இருந்தன. மீதியைத் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியிடம் இருந்த கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். வண்ணம், கறுப்பு வெள்ளை, மறுபடி வண்ணம் என்று மாறி மாறி ஓடும். 1988-இல் முழு வண்ணப் பதிப்பு ஒளிபரப்பானது. ஒரு படம் எப்படித் தொலைந்து, எப்படித் திரும்பி வந்தது என்பது அந்தக் கேசட்டைப் பார்த்தாலே புரியும். இரண்டு வடிவமும் 2004-இன் மூன்றாம் சீசன் டிவிடியில் இருக்கின்றன. எனவே பார்ப்பதற்குக் கேசட் தேவையில்லை, வைத்திருப்பதற்குத்தான்.

வைத்திருப்பதுதான் இந்தக் கரையில் பாடு. டேப்பின் மேல் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் இருந்தாலும் வெள்ளைப் பூஞ்சணம் படரும். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே டேப் விளிம்பில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவிவிடும். நல்ல நிலையில் இருக்கும் கேசட்டைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில், படுக்கப் போடாமல் நிற்க வைத்துப் பாதுகாக்கலாம்.

லேசர்டிஸ்க் பற்றிச் சொல்ல இங்கே அதிகம் இல்லை. 30 செ.மீ. தட்டு, பக்கத்துக்கு ஒரு எபிசோட். படம் கேசட்டைவிட நன்றாக இருக்கும், ஏறக்குறைய 425 கோடு. ஆனால் பல தட்டுகளில் உள்ளே இருக்கும் அலுமினியம் துருவேறிப் படத்தில் புள்ளி புள்ளியாக வரும். உப்புக்காற்றில் அதை வாங்கி வைப்பது வீண் செலவு என்றுதான் சொல்வேன்.

அப்புறம் டிவிடி. 1999-இலிருந்து 2001 வரை தட்டுக்கு இரண்டு எபிசோடாக 40 தொகுதி வந்தது. முழுதாகச் சேர்த்தவர்கள் குறைவு, பாதிப் பாதியாகத்தான் கண்ணில் படுகிறது. 2004-இல்தான் சீசன் வாரியாகப் பெட்டி வந்தது. முதல் சீசனுக்கு மஞ்சள், இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்குச் சிவப்பு. கிர்க், ஸ்பாக், ஸ்காட்டி போட்டிருக்கும் சட்டைகளின் நிறம். 29, 26, 24 என்று 79 எபிசோடும் வரிசையாக இருக்கும். சில எபிசோடுகளுக்கு மைக்கேல் ஒகுடாவும் டெனிஸ் ஒகுடாவும் எழுதிய குறிப்புகள் சப்டைட்டில் போலத் திரையில் ஓடும். எந்தப் பொருள் எந்த எபிசோடில் மறுபடி வந்தது, எந்த செட்டை மாற்றிப் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. பத்து தடவை பார்த்தவருக்கும் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

இந்த டிவிடியின் படத்தில் தூசியும் கீறலும் இருக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1960-களில் செய்த விண்வெளிக் காட்சிகள் அப்படியே இருக்கின்றன. நான் இதை இரண்டாம் இடத்தில் வைக்க அது ஒன்றே போதும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ரீஜன், அதாவது தட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று பிரித்து வைத்த எண். இந்தியா டிவிடிக்கு 5-ஆம் ரீஜன். அமெரிக்கத் தட்டு 1, துபாய்த் தட்டு 2, சிங்கப்பூர், மலேசியத் தட்டு 3. வளைகுடாவிலிருந்து வந்த பிளேயர்கள் பல ரீஜன் ஃப்ரீ என்பதால் கீழக்கரை வீடுகளில் இது பெரிய தொல்லையாக இருந்ததில்லை. உள்ளூரில் வாங்கிய பிளேயர் என்றால் தட்டு ஓடாமல் போகலாம்.

அதைவிட நுணுக்கமானது என்டிஎஸ்சி (NTSC), பால் (PAL) என்ற இரண்டு டிவி சிஸ்டங்களின் வித்தியாசம். அமெரிக்கத் தட்டு என்டிஎஸ்சி, 480 வரி. துபாய், சிங்கப்பூர்த் தட்டு பால் சிஸ்டம், 576 வரி. வரி கூட என்பதால் பால் தட்டுதான் மேல் என்று ஒரு கூட்டம் சொல்லும். ஆனால் படச்சுருள் ஓடுவது நொடிக்கு 24 கட்டம். பால் சிஸ்டத்துக்கு வழக்கமாக அதை 25 ஆக்கி ஓட்டுவார்கள். அப்படிச் செய்தால் 50 நிமிட எபிசோட் 48 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் இசையும் சுருதி கொஞ்சம் ஏறும். ஸ்பாக்காக வரும் லியனார்ட் நிமாயின் அடித்தொண்டைக் குரலைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது உறுத்தும். என்டிஎஸ்சி தட்டில் வேகம் சரி, ஆனால் காமிரா மெதுவாகத் திரும்பும் இடங்களில் படம் லேசாகத் தத்தும். உங்கள் தட்டு எந்த வகை என்று தெரிய, ஒரு எபிசோடைப் போட்டு மொத்த நேரம் 50-ஆ 48-ஆ என்று பிளேயரில் பாருங்கள். எனக்குக் குரல்தான் முக்கியம். வரி குறைந்தாலும் அமெரிக்கத் தட்டைத்தான் எடுப்பேன்.

இனி சண்டையின் மையத்துக்கு வருவோம். 2006-இல், தொடரின் நாற்பதாம் ஆண்டில், சிபிஎஸ் நிறுவனம் மூலச் சுருளை ஹெச்டி தரத்தில் சுத்தம் செய்து, விண்வெளிக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்து ஒளிபரப்பத் தொடங்கியது. முகப்பு இசையையும் புதிதாகப் பதிந்தார்கள். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பழைய முறையில் கப்பலின் மாடலைத் தனியாகப் படம் பிடித்து, நட்சத்திரங்களைத் தனியாகப் பிடித்து, இரண்டையும் ஆப்டிகல் பிரிண்டரில் சேர்த்து இன்னொரு சுருளில் மறுபடி படம் பிடிப்பார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஒவ்வொரு சுற்றிலும் புள்ளியும் அழுக்கும் கூடும். நடிகர்கள் வரும் காட்சி பளிச்சென்று இருக்க, அடுத்து வரும் கப்பல் காட்சி கரகரவென்று இருக்கும். ஹெச்டியில் அந்த வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரிந்துவிடும்.

புதிய காட்சிகளை ஒரேயடியாகத் தள்ளுகிறவன் இல்லை நான். ‘தி டூம்ஸ்டே மெஷின்’ எபிசோடில் சிதைந்த கான்ஸ்டலேஷன் கப்பலாக வருவது கடையில் விற்ற பிளாஸ்டிக் மாடல் கிட். அதைச் சூடு வைத்துச் சிதைத்துப் படம் பிடித்தார்கள். கிரகங்களைத் தின்னும் இயந்திரத்தின் பிரம்மாண்டம் பழைய காட்சியில் பாதிதான் வந்தது. புதிய பதிப்பில் அந்தப் போர் முழுதாக உயிர் பெற்றிருக்கிறது; கதைக்கு அது கூட்டியிருக்கிறது. ‘அமாக் டைம்’ எபிசோடில் வல்கன் கிரகத்தின் மேலிருந்து ஒரு பார்வை கிடைக்கிறது. ஸ்பாக் பிறந்த மண்ணின் வறட்சி அப்போதுதான் உறைக்கிறது.

ஆனால் ‘அரீனா’வில் வரும் பல்லி முகக் கோர்னுக்குக் கணினியில் கண் சிமிட்ட வைத்திருக்கிறார்கள். அது விண்வெளிக் காட்சியே இல்லை. ஒரு நடிகர் முகமூடி போட்டு, வெயிலில் நின்று நடித்தது. அதில் கை வைத்திருக்கக் கூடாது. கிர்க்கின் கப்பலான எண்டர்பிரைஸ் விஷயத்திலும் எனக்குப் பழையதுதான். 11 அடி நீளத்தில் செய்த அந்த மாடல் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உண்மையான பொருளின் மேல் உண்மையான விளக்கொளி விழுந்த கனம் அதில் தெரியும். 2006-இல் செய்த கணினிக் கப்பல் வழவழவென்று இருக்கிறது, எடை இல்லை.

இது ரசனை. நீங்கள் நேர்மாறாகச் சொல்லலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரீமாஸ்டர் டிவிடியில் புதிய காட்சிகள் மட்டும்தான் உண்டு; பழையதைப் பார்க்க வழியே இல்லை. 2007 நவம்பரில், ப்ளூ-ரேக்குப் போட்டியாக இருந்த ஹெச்டி டிவிடி என்ற வடிவத்தில் வந்ததும் அப்படித்தான். அதுவும் முதல் சீசனோடு நின்றது. 2008 பிப்ரவரியில் தோஷிபா அந்த வடிவத்தையே கைவிட்டது. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது எது என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட ரீமாஸ்டர் டிவிடி உதவாது.

2009-இல் ஏப்ரல் தொடங்கி டிசம்பருக்குள் மூன்று சீசனும் ப்ளூ-ரேயில் வந்தன. இதில்தான் மேலே சொன்ன சண்டை தீர்ந்தது. ஒவ்வொரு எபிசோடையும் பழைய காட்சிகளோடு பார்க்கிறீர்களா, புதியவற்றோடா என்று மெனுவிலேயே கேட்கும். பொதுவான பகுதி ஒரே தடவைதான் தட்டில் இருக்கும். விண்வெளிக் காட்சி வரும் இடத்தில் மட்டும் பிளேயர் நீங்கள் கேட்ட பக்கம் போய் வரும், இடையில் துளியும் நிற்காது. பழைய காட்சிகளும் ஹெச்டியிலேயே இருக்கின்றன. கரகரப்பு தெரியும், அது அந்தச் சுருளின் இயல்பு. ஒலியும் அப்படியே: 7.1 ஒலி ஒரு பக்கம், பழைய மோனோ ஒரு பக்கம். படத்தின் அளவு 4:3-ஆகவே இருக்கிறது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும்; ரிமோட்டை அழுத்தி டிவியின் அகலத்துக்கு இழுத்துவிட்டால் எல்லார் முகமும் உப்பிவிடும், தயவுசெய்து இழுக்காதீர்கள்.

“32 இன்ச் டிவியில் என்ன பெரிய வித்தியாசம் தெரிந்துவிடும்?” என்று பாம்பன் நண்பர் ஒருவர் விடாமல் கேட்பார். அவர் 2004 டிவிடிக் கட்சி. அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது, தள்ளி உட்கார்ந்தால் கப்பலில் பெரிதாகத் தெரியாது. ஆனால் சட்டைத் துணியின் நெசவைப் பாருங்கள், மெக்காயாக வரும் டிஃபாரஸ்ட் கெல்லியின் கண்ணைச் சுற்றிய சுருக்கத்தைப் பாருங்கள். அது டிவிடியில் இல்லை. வீட்டில் டிவிடி பிளேயர் மட்டும்தான் இருக்கிறது, புதிதாக வாங்கும் எண்ணம் இல்லை என்றால் அவர் கட்சியே சரி.

உப்புக்காற்றை எது தாங்கும் என்றும் கேட்பார்கள். டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு தகட்டுக்கு நடுவில் இருக்கிறது. ப்ளூ-ரேயில் அது மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான், ஆனால் மேலே கெட்டிப் பூச்சு உண்டு. இரண்டுமே டேப்போடு ஒப்பிட்டால் பல மடங்கு பத்திரம். கெட்டுப்போவது பெரும்பாலும் பிளேயர்தான்: லென்ஸில் படலம், பின்பக்க சாக்கெட்டில் பச்சைக் களிம்பு. பயன்படுத்தாத நாளிலும் வாரம் ஒரு தடவை பிளேயரை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் ஈரம் தங்காது.

ப்ளூ-ரேக்கு இந்தியா சி மண்டலம். பாரமவுண்ட் பெரும்பாலும் ப்ளூ-ரேக்கு மண்டலப் பூட்டுப் போடுவதில்லை, இருந்தாலும் பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். மூன்றையும் ஒரே தடவையில் வாங்க முடியாது, மூன்றாவது சீசன் சுமார்தானே, விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: கதைகளில் அது இளைத்த சீசன்தான். ஆனால் ‘வேர் நோ மேன் ஹாஸ் கான் பிஃபோர்’ என்ற இரண்டாம் முன்னோட்டப் படத்தின் ஒளிபரப்பாகாத வடிவம் அந்தப் பெட்டியில்தான் வந்தது. முகப்பு வேறு, இசை வேறு, வெட்டிய விதமும் வேறு. 2004-இன் சிவப்புப் பெட்டி உங்களிடம் இருந்தாலும் அது ஒன்றுக்காகவே மூன்றாவது சீசன் ப்ளூ-ரேயை வாங்கலாம்.