சுவிட்ச் மேனேஜ்மென்ட்: சிஎல்ஐ, கன்ட்ரோலர் ரெண்டையும் வருஷக்கணக்கா ஓட்டின அனுபவம்

ஆபீஸ் நெட்வொர்க்ல கம்ப்யூட்டருங்கள இணைக்கிற சுவிட்ச் பெட்டிங்கள பாத்துக்கிறதுதான் என் வேலை, பழைய முறை புது முறை ரெண்டும் நல்லா பழகியாச்சு. பழசுன்னா கன்சோல் கேபிள சொருகி 9600 பாட் வேகத்துல லாகின் பண்றது, இல்லன்னா எஸ்எஸ்ஹெச்ல (என்கிரிப்ட் ஆன ரிமோட் லாகின்) ஒவ்வொரு பெட்டியா போய் அதே கமாண்ட திரும்பத் திரும்ப அடிக்கிறது, இப்படி கமாண்ட் அடிக்கிறதுதான் சிஎல்ஐ. புதுசுன்னா கன்ட்ரோலர், டாஷ்போர்டு மாதிரி சாஃப்ட்வேர் வெச்சு ஒரே இடத்துலேர்ந்து எல்லா சுவிட்ச்சையும் மாத்துறது. டெல்நெட்ங்கற பழைய ரிமோட் லாகின் எங்கயாவது இன்னும் ஆன்ல இருந்தா இன்னிக்கே ஆஃப் பண்ணிடுங்க, பாஸ்வேர்டு என்கிரிப்ட் ஆகாம அப்படியே போகும்.

சிஎல்ஐ மெதுவா இருக்குன்னு பலபேர் சொல்றாங்க, எனக்கு அது பெரிய விஷயமே இல்ல. எண்டர் தட்டின நொடியே அது லைவ்ல ஓடுது பாருங்க, அதுதான் பயம். சிஸ்கோ சுவிட்ச்சோட ஐஓஎஸ் சாஃப்ட்வேர்ல, பல விலான் (நெட்வொர்க்க பிரிச்ச தனித்தனி பகுதி) ஒண்ணா போற டிரங்க் போர்ட்டுக்கு புதுசா ஒரு விலான் சேக்கும்போது கமாண்ட்ல 'ஆட்'ங்கற வார்த்தை விட்டுப்போச்சுன்னா ஏற்கெனவே இருந்த விலான் லிஸ்ட் மொத்தமும் போயி புதுசு மட்டும்தான் நிக்கும், அந்த டிரங்க் வழியாவே உள்ள வந்திருந்தா உங்க செஷனும் காலி. அதுக்குத்தான் விவரமானவங்க முதல்லயே 'ரீலோட் இன் 10' போட்டுட்டு வேலைய ஆரம்பிப்பாங்க, சேவும் பண்ணாம, ரீலோட கேன்சலும் பண்ணாம விட்டா பத்து நிமிஷத்துல ரீபூட் ஆகி பழைய கான்ஃபிக் (செட்டிங்ஸ்) வந்துடும், ஆனா அந்த நேரம் மொத்த சுவிட்ச்சும்ல டவுன் ஆகுது.

இதுக்கு 2006லயே நெட்கான்ஃப்ங்கற, செட்டிங்ஸ மாத்துற புரோட்டோகால்ல வழி வந்துடுச்சு. கேண்டிடேட் கான்ஃபிக்ல (இன்னும் லைவ் ஆகாத நகல்) மாத்தி, சரிபாத்து, கன்ஃபர்ம்டு கமிட் குடுத்தா, 600 நொடிக்குள்ள நாம உறுதி பண்ணலன்னா தானா பழசுக்கு திரும்பிடும், ரீபூட்டே கிடையாது. இந்த ஒண்ணுக்காகவே நான் புது முறை பக்கம். எல்லா மாடல்லயும் இது இருக்காது, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

மானிட்டரிங்ல பழைய எஸ்என்எம்பி (சுவிட்ச்கிட்டேர்ந்து அளவுகள கேட்டு வாங்குற முறை) 32 பிட் டிராஃபிக் கவுன்டர் 1 ஜிபிபிஎஸ் லிங்க் ஃபுல்லா ஓடினா 34 நொடியில சுத்தி பூஜ்யத்துக்கு வந்துடும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ எடுத்தா கிராஃப் தப்பாதான் வரும், 64 பிட் கவுன்டருக்கு மாத்திடுங்க.

ஆன்சிபிள்ங்கற ஆட்டோமேஷன் டூல் வெச்சு, கான்ஃபிக்க கிட்ல (மாற்றங்கள பதிஞ்சு வெக்கிற டூல்) போட்டா யாரு எத எப்ப மாத்தினாங்கன்னு தெரியும், ஆனா டீம்ல ஒருத்தர் அவசரத்துக்கு சிஎல்ஐல கை வெச்சுட்டு சொல்லாம விட்டா அடுத்த ரன்ல அது அழிஞ்சாலும் அழிஞ்சுடும். கிளவுட் டாஷ்போர்டு புது சைட் போடறதுக்கு அருமை, சுவிட்ச்ச மாட்டினா கான்ஃபிக்க தானா இழுத்துக்கும். இன்டர்நெட் போனா டிராஃபிக் கடைசி கான்ஃபிக்ல ஓடிட்டேதான் இருக்கும், நம்மாலதான் டாஷ்போர்டுல எதையும் மாத்த முடியாது. அதனால தனி லைன்ல ஒரு கன்சோல் சர்வரும் (சுவிட்ச் கன்சோல தூரத்துலேர்ந்து தொட) லோக்கல் லாகினும் எப்பவும் ரெடியா வெச்சிருக்கேன்.