பிரிக்காத பெட்டி என்று பேஸ்பால் கார்டு விற்கிறார்களா? உஷார்

நியூஜெர்சி பக்கம் கார்டு ஷோக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். டாப்ஸ் கம்பெனி 1983இல் போட்ட பேஸ்பால் கார்டுப் பெட்டி, பிரிக்கவே இல்லை, பாருங்கள் பிளாஸ்டிக்கூட அப்படியே இருக்கிறது என்று யாராவது நீட்டினால், அந்தப் பிளாஸ்டிக்கை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். நான் 600 டாலர் கொடுத்தேன். உள்ளே இருந்தது யாரோ ஏற்கெனவே அலசி எடுத்துவிட்டுப் போன சக்கை.

அந்தப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு விலை என்றால், டோனி க்வின், வேட் பாக்ஸ், ரைன் சாண்ட்பெர்க் என்ற மூன்று ஆட்டக்காரர்களுக்கும் டாப்ஸ் போட்ட ரூக்கி கார்டு, அதாவது புதுமுகமாக வரும் முதல் கார்டு, அந்த வருஷத்து வரிசையில்தான் வந்தது. மூவருமே பிறகு ஹால் ஆஃப் ஃபேம் என்கிற பேஸ்பால் புகழ்மண்டபத்துக்குப் போனவர்கள். வரிசையில் மொத்தம் 792 கார்டுகள். பெட்டிக்கு 36 பாக்கெட், பாக்கெட்டுக்கு 15 கார்டு, கூடவே ஒரு பட்டை பபிள்கம். அன்றைக்குப் பாக்கெட் 30 சென்ட். 80களின் கடைசியிலிருந்து 90களின் தொடக்கம் வரை கம்பெனிகள் கார்டுகளை மூட்டை மூட்டையாக அச்சடித்துத் தள்ளின. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலானவை அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். அவற்றைத் திறந்து மூட யாரும் மெனக்கெட மாட்டார்கள். 1983 அதற்கு முந்தையது. மெனக்கெட்டால் காசு பார்க்கலாம்.

விற்றவர் வயசாளி, பேச்சில் தேன் ஒழுகும். அவருடைய மாமா பென்சில்வேனியாவில் மளிகைக் கடை வைத்திருந்தாராம், கடையை மூடியபோது விற்காமல் மிஞ்சிய பெட்டியாம், அத்தனை வருஷமும் அலமாரியைவிட்டு இறங்கவே இல்லையாம். பிறகு விசாரித்ததில் தெரிந்தது, கார்டு விற்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கடை வைத்திருந்த ஒரு மாமா இருக்கிறார். ரொக்கம் மட்டும்தான் வாங்குவேன் என்றார்.

இப்போது பிளாஸ்டிக் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷங்களில் டாப்ஸ் வாக்ஸ் பெட்டிகள், அதாவது மெழுகுத்தாள் பாக்கெட் அடங்கிய பெட்டிகள், ஆலையிலிருந்து பிளாஸ்டிக் சுற்றாமல்தான் வந்தன. கடைக்காரர் மூடியைத் தூக்கிக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிடுவார், பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே 1983 பெட்டியின் மேல் பிளாஸ்டிக் இருந்தால் அது பின்னாளில் எவரோ சுற்றியது. சுற்றுகிற மெஷினைக் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பேஸ்பால் கார்டு எக்ஸ்சேஞ்ச் என்ற நிறுவனம் பெட்டியைச் சோதித்துவிட்டுத் தன் முத்திரை போட்ட உறையைச் சுற்றித் தருகிறது. சந்தையில் அதற்கு மதிப்பு உண்டு. அதுவும் ஏமாறாத கண் இல்லை. யூடியூபர் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய போக்கிமான் கார்டுப் பெட்டிகளை அந்த நிறுவனம்தான் அசல் என்று சொல்லியிருந்தது. 2022 ஜனவரியில் பிரித்தபோது உள்ளே ஜி.ஐ. ஜோ என்ற வேறொரு வகைக் கார்டுகள் இருந்தன.

என் விஷயத்தில் குட்டு உடைந்தது பபிள்கம்மால். பாக்கெட் மெழுகுத்தாளால் ஆனது. முதுகுப் பக்கம் மடித்துச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். பக்குவமாகப் பிரித்துவிட்டு, மறுபடி லேசாகச் சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கிற கம் பட்டை நாற்பது வருஷமாக ஒரே கார்டை ஒட்டிக் கிடந்திருக்க வேண்டும். அந்தக் கார்டில் பழுப்பாகக் கறை ஏறியிருக்கும். பையன் பிரித்த பாக்கெட்டில் கம்மைத் தொட்டுக்கொண்டிருந்த கார்டு பளிச்சென்று சுத்தமாக இருந்தது. ஏழெட்டுக் கார்டு தள்ளி, நடுவில், கம் பட்டையின் அளவுக்கே நீள்சதுரமாக ஒரு கறை! நடுவில் இருக்கிற கார்டை கம் எப்படித் தொடும்? உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதுகு மடிப்பில் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக இரண்டு மடிப்புக் கோடுகள், மெழுகும் வழிந்து பரவியிருந்தது.

அதற்குப் பிறகு மொத்தத்தையும் பிரித்து மேசையில் பரப்பினோம். 540 கார்டு. அந்த மூன்று ரூக்கியில் ஒன்றுகூட இல்லை. அது மட்டும் என்றால் அதிர்ஷ்டம் இல்லை என்று விட்டுவிடலாம், பெட்டிக்குப் பெட்டி அப்படி நடப்பதுதான். ஆனால் அன்றைய நட்சத்திரங்கள் ஒருவருமே இல்லை: நோலன் ரயன் இல்லை, கேல் ரிப்கன் இல்லை, ரிக்கி ஹெண்டர்சன் இல்லை, மைக் ஷ்மிட், ஜார்ஜ் பிரெட், பீட் ரோஸ் யாருமே இல்லை. ரயன், ரோஸ் போன்ற மூத்தவர்களுக்கு அந்த வரிசையில் 'சூப்பர் வெடரன்' என்று இரண்டாவது கார்டும் உண்டு, அதுவும் இல்லை. பெயர் தெரியாத பெஞ்ச் ஆட்டக்காரர்கள் மட்டும் இரண்டு, மூன்று பிரதி. நல்லதை உருவிக்கொண்டு அந்த இடத்தில் குப்பையைச் செருகியிருக்கிறார்கள்.

படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஷோவில் போய்க் கேட்டேன். "எல்லாம் லக் தம்பி" என்கிற மாதிரி தோளைக் குலுக்கினார், விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று மேசையில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். ஷோ நடத்துகிறவர்களோ மேசையை வாடகைக்கு விடுவதோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். ரொக்கம் கொடுத்ததால் பேங்கிலும் முறையிட வழியில்லை. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பேபாலில் 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' வழியாக அனுப்பச் சொன்னால் அப்போதே விலகிவிடுங்கள், அதற்கும் இதே கதிதான்.

பெட்டியே வேண்டும் என்று ஆசைப்பட்டால், பணம் கொடுக்கும் முன் பிளாஸ்டிக்கை எடுக்கச் சொல்லி நாலு பாக்கெட்டின் முதுகைப் பாருங்கள். மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். சும்மா பிள்ளை சேர்த்துவைக்கத்தான் என்றால், தரச்சான்று வாங்காத அந்த மூன்று ரூக்கிகளையும் தனித்தனியாகவே வாங்கலாம். பெட்டி விலையில் அது ஒரு சின்னப் பங்குதான். பெட்டிக்குக் கொடுக்கிற மிச்சக் காசு, பழுதே இல்லாத ஒரு கார்டு உள்ளே இருந்து தர மதிப்பீட்டில் பத்துக்குப் பத்து வாங்கிவிடாதா என்கிற லாட்டரிச் சீட்டுக்கு. 1983 டாப்ஸில் படம் நடுவில் சரியாக விழாத கார்டுகள் நிறைய, ஆகவே அந்த லாட்டரியும் லேசில் விழாது.

அந்த ஆள் இப்போது டான்ரஸ் என்ற இன்னொரு கம்பெனியின் 1984 பெட்டியோடு வருகிறார், டான் மாட்டிங்லி ரூக்கி வருகிற வரிசை அது. அதே பிளாஸ்டிக், அதே மாமா. டான்ரஸ் பாக்கெட்டில் கம் கிடையாது, பழைய ஆட்டக்காரர் டியூக் ஸ்னைடர் படத்தின் பசில் துண்டுதான் இருக்கும். ஆகவே கறையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மெழுகு மடிப்பு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். டார்ச் எடுத்துப் போங்கள்.