ஹில்டகார்ட் ஹோவர்டின் 1929 ஆய்வேடு: இன்றும் மேசையில் இருக்க வேண்டியது

கலிஃபோர்னியாவின் எமரிவில் கிளிஞ்சல் மேட்டில் (பழங்கால மக்கள் கொட்டிய சிப்பி ஓடுகளின் குவியல்) கிடைத்த பறவை எலும்புகள் பற்றி, தொல்பறவை ஆய்வாளர் ஹோவர்ட் (1901–1998) செய்த முனைவர் பட்ட ஆய்வு இது. லா பிரியா தார்க்குழிப் பறவைகளில் பெரும்பணி ஆற்றி, 1953இல் பறவையியலுக்கான புரூஸ்டர் பதக்கம் பெற்ற மூன்றாவது பெண்மணி அவர்.

இதன் உயிர் படங்கள்தான். பொன்னிறக் கழுகின் எலும்புகளை வரைந்து, ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெயர் குறித்திருக்கிறார். தொல்லெச்சம் பெரும்பாலும் உடைந்தே கிடைக்கும். கோரக்காய்டின் (தோள்பட்டை எலும்புகளில் ஒன்று) ஒரு முனை மட்டும் கையிலிருந்தாலும் எந்த இடத்தை ஒப்பிடுவது என்று உடனே தெரிகிறது. அருமையான உழைப்பு!

குறை: 1979இல் வந்த லத்தீன் உடற்கூற்றுப் பெயர்களோடு இதிலுள்ளவை பல இடங்களில் ஒத்துப்போகாது. இணைப் பட்டியல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப்பிரதியில் அளவு மாறிவிடும் என்பதால் படத்தின்மேல் காலிப்பர் வைத்து அளக்காதீர்கள். குஞ்சுகளின் எலும்பு முனைகள் நுண்துளைகளோடு முழுமையடையாமல் இருக்கும். அவற்றை இந்தப் படங்களோடு ஒப்பிட்டால் இனம் தவறிப்போகும்.